தெரியாதவர்களிடம் பேச நா எழவில்லை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் யாராவது பழகிப் பழகி மாறியிருக்கிறீர்களா?

பாலக்கோட்டுப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 23 வயது. பாலக்கோடு பக்கத்தில் ஒரு கிராமம். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. படிப்பில் குறை இல்லை, ஒரு அரியர்கூட வைத்ததில்லை.

போன மாதம் ஓசூரில் ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, "எந்த ஊருப்பா, எப்படி வந்தே?" என்று கேட்டார்கள். பாலக்கோட்டிலிருந்து ராயக்கோட்டை வழியாக பஸ்ஸில் வந்தேன் என்று சொல்ல வேண்டியதுதானே? தொண்டை அடைத்துக்கொண்டது. கை வேர்த்து ஃபைல் அட்டையில் விரல் தடம் ஈரமாகப் பதிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "பஸ்" என்று ஒரு வார்த்தை வந்தது. அதற்கப்புறம் அவர்கள் கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். எதற்கும் முழு பதில் வரவில்லை.

வீட்டில் நன்றாகப் பேசுவேன். கூட்டாளிகளோடு விடிய விடியப் பேசுவேன். முன்பின் தெரியாத ஆள் என்றால் மட்டும் இப்படி. கடையில் 500 ரூபாய் நீட்டி மீதி குறைவாக வந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். பஸ்ஸில் இறங்கும் இடம் தாண்டிவிட்டால் கண்டக்டரைக் கூப்பிட மாட்டேன், அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி நடப்பேன். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் சாப்பாடு இறங்குவதில்லை.

யூடியூபில் பார்த்தால், தினமும் பத்து புது ஆட்களிடம் பேசு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். அவர்கள் காட்டுவதெல்லாம் பெரிய ஊர், பெரிய மால். நான் தர்மபுரி நாலு ரோட்டில் நின்று யாரிடம் போய் என்ன பேசுவேன்? உண்மையிலேயே இப்படிப் பழகி மாறியவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆங்கிலம் கற்றுக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள், எனக்குத் தமிழே வரவில்லை.

ஆட்டுச்சந்தை அண்ணன்:

தம்பி, நான் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தையிலும் ஆட்டுத் தரகு பார்க்கிறவன். முப்பது வருஷத்துக்கு மேலாச்சு. நீ எழுதினதைப் படித்ததும் என் பதினாறு வயசு கண் முன்னால் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நானும் வாய் திறக்காத பையன்தான். எங்க அப்பா ஒரு நாள் சந்தைக்குக் கூட்டிப்போய், ஒரு வெள்ளாட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்து, "அறுநூறுன்னு சொல்லு, ஐந்நூறுக்குக் கீழ இறங்காதே" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். முதலில் வந்தவர் "என்ன விலை?" என்றார். எனக்குக் குரலே வரவில்லை. அவர் என்னைப் பார்க்கவே இல்லை தம்பி, ஆட்டைத்தான் பார்த்தார். உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார், முதுகெலும்பில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், தூக்கிப் பார்த்தார். அவர் கண்ணெல்லாம் ஆட்டின் மேல் இருக்கும்போது எனக்குப் பயம் விட்டுப்போச்சு. "அறுநூறு" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு எனக்குப் புரிந்தது, நடுவில் ஒரு ஆடு இருந்தால் பேச்சு வரும்.

அதனால் உனக்குச் சொல்கிறேன், யாரிடமும் பேசணும் என்று போகாதே. ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளணும் என்று போ. போச்சம்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வா. ஆடு பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு பெரியவரிடம் போய், "என்ன பல்லுங்கய்யா?" என்று கேள். மூன்று வார்த்தைகூட இல்லை. பல்லை வைத்துத்தான் ஆட்டு வயசைச் சொல்வோம். குட்டிக்குக் கீழ்த்தாடையில் எட்டும் பால் பல்லாக இருக்கும். வருஷம் தாண்டினால் நடுவில் இரண்டு பெரிய பல் வரும், அப்புறம் நாலு, ஆறு, எட்டு என்று போகும். மேல்தாடையில் முன்பல்லே கிடையாது. இதை நீ கேட்டால் எந்தப் பெரியவரும் சும்மா பதில் சொல்லி நிறுத்த மாட்டார், ஆட்டு வாயைத் திறந்து காட்டுவார். தான் அறிந்ததைச் சொல்லிக்கொடுக்க யாருக்குத்தான் பிடிக்காது?

இன்னொன்றையும் பார். தரகர்கள் இரண்டு பேர் கையின் மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். வாயால் ஒரு வார்த்தை கிடையாது. பேச்சு என்பது சத்தமாகப் பேசுவது மட்டும் இல்லை என்று அதைப் பார்த்தாலே தெரியும்.

ஒரே ஒரு கண்டிஷன். வாங்குகிற எண்ணம் இல்லாமல் விலை கேட்காதே. அது அவர் பிழைப்பு. பல் கேள், ஊர் கேள், என்ன தீனி போடுகிறார் என்று கேள். விலை மட்டும் வேண்டாம்.

பென்னாகரம் வாத்தியார்:

அண்ணன் சொல்வது அழகாக இருக்கிறது, ஆனால் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இருபது வருஷம் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். அமைதியான பிள்ளையை "பேசு, பேசு" என்று நெருக்கி நாம்தான் கெடுக்கிறோம். அதிகம் பேசாதது ஒரு குணம், நோய் இல்லை. இந்தத் தம்பிக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு தெரிய வேண்டும், அதற்குத் தனியாகப் பயிற்சி எடுக்கலாம். வழியில் போகிறவர்களை நிறுத்திப் பேச வேண்டிய அவசியம் என்ன?

அவர்களுக்கும் ஒரு மனசு இருக்கிறது. வேலை முடித்து ஓசூர் பஸ்ஸில் ஏறிக் கண்ணை மூடுகிறவரை ஒருவன் வந்து, தன் கூச்சத்தைப் போக்கிக்கொள்ள எழுப்புவது சரியா? நம் தகடூருக்காகத் தொண்டைமானிடம் தூது போனாள் ஔவை. அவளுக்குச் சொல்ல ஒரு செய்தி இருந்தது, போர் தவிர்க்க வேண்டிய தேவை இருந்தது. தேவை இருந்தால் பேச்சு தானாக வரும்.

பாலக்கோட்டுப் பையன்:

ஐயா, நீங்கள் சொல்வது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் தேவை இருந்தும் எனக்கு வரவில்லையே. மீதிப் பணம் 50 ரூபாய் என் பணம்தான். அதைக் கேட்கத் தேவை இருந்தது. இன்டர்வியூவிலும் தேவை இருந்தது. பேசாமல் இருப்பது என் விருப்பமாக இருந்தால் நான் இங்கே எழுதியிருக்க மாட்டேன்.

கிருஷ்ணகிரி உளவியல் மாணவி:

நான் உளவியல் முதுகலை படிக்கிறேன். தம்பி கடைசியாகச் சொன்னதுதான் முக்கியமான வேறுபாடு. பேச வேண்டாம் என்று இருப்பது வேறு, பேச வேண்டும் என்று நினைத்து முடியாமல் போவது வேறு. வாத்தியார் ஐயா முதலாவதைச் சொல்கிறார், தம்பி இரண்டாவதில் இருக்கிறார்.

ஐயா கேட்ட இன்னொரு கேள்விக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரண்டு பேர் சிகாகோவில் தினசரி ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்துச் செய்தார்கள், 2014இல் வெளியானது. சிலரிடம் பக்கத்தில் இருப்பவரோடு பேசச் சொன்னார்கள், சிலரைத் தனியாகச் சும்மா இருக்கச் சொன்னார்கள், சிலரை வழக்கம்போல் இருக்கச் சொன்னார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்திருக்கிறது. வேறு சிலரிடம், உங்களுக்கு எது பிடிக்கும் என்று முன்கூட்டியே கேட்டபோது, தனியாக இருப்பதுதான் பிடிக்கும் என்றார்கள். கணக்கு தலைகீழாகப் போனது. அதே ஆய்வில், காத்திருக்கும் அறையில் ஒருவர் பேச்சை ஆரம்பித்தபோது, பேச்சு கொடுக்கப்பட்டவருக்கும் அது பிடித்திருந்தது. அப்புறம் லண்டன் ரயில்களிலும் செய்து பார்த்தார்கள், அங்கேயும் அப்படித்தான்.

நாம் நினைப்பது ஒன்று, நடப்பது ஒன்று என்பதற்கு இன்னொரு உதாரணம். 2000இல் வெளியான ஒரு ஆய்வில், கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களை, போட்டுக்கொள்ளவே கூசுகிற ஒரு படம் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர். தம்பியின் ஃபைல் அட்டையில் பதிந்த ஈரத்தை அந்த அறையில் பார்த்தவர் அவர் ஒருவர் மட்டும்தான் என்று நான் நினைக்கிறேன்.

சந்தை அண்ணன் ஆட்டைப் பற்றிச் சொன்னதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. 1995இல் கிளார்க், வெல்ஸ் என்ற இருவர் இந்தப் பயம் எப்படி நிலைத்து நிற்கிறது என்று எழுதினார்கள். பயம் வந்ததும் நம் கவனம் வெளியிலிருந்து உள்ளே திரும்பிவிடுகிறது. என் குரல் நடுங்குகிறதா, என் முகம் சிவக்கிறதா என்று தன்னையே காவல் காக்க ஆரம்பித்துவிடுவோம். எதிரில் இருப்பவர் சிரித்தால்கூடத் தெரியாது. அதோடு, சொல்லப்போகும் வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்ப்பது, கண்ணைத் தாழ்த்திக்கொள்வது, கையை மறைப்பது என்று தப்பித்துக்கொள்ளச் செய்யும் ஒவ்வொன்றும் பயத்தைக் கட்டிக்காக்கிறது. ஆட்டுப் பல்லைப் பார்க்கும்போது கவனம் வெளியே போய்விடுகிறது. அண்ணனின் அப்பா படித்த புத்தகம் எதுவும் இல்லை, ஆனால் செய்தது சரியான வைத்தியம்.

ஒரு பழைய கதையும் உண்டு. ஆல்பர்ட் எல்லிஸ் என்ற புகழ்பெற்ற உளவியலாளர் 19 வயதில் பெண்களிடம் பேசவே பயப்படுவாராம். நியூயார்க் பிராங்ஸ் தாவரவியல் பூங்காவுக்குத் தினமும் போய், பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சு கொடுத்தார். ஒரு மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள். முப்பது பேர் உடனே எழுந்து போய்விட்டார்கள். மீதிப் பேரோடு பேசினார். யாரும் அவரைக் கடித்து விழுங்கவில்லை, பயம் போனது. பிற்காலத்தில் அவர் உருவாக்கிய சிகிச்சை முறைக்கு இந்த அனுபவமும் ஒரு வேர்.

அரூர் செவிலி:

மாணவி சொன்ன கடைசிக் கதையை நான் அப்படியே விட மாட்டேன். எழுந்து போன அந்த முப்பது பெண்களை யார் கேட்டார்கள்? பூங்காவில் நிம்மதியாக உட்காரலாம் என்று வந்த ஒருத்திக்கு, பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒருவனின் பயம் போகிறதா இல்லையா என்பது என்ன கணக்கு? நம் ஊர் பஸ் ஸ்டாண்டில் இதை யாராவது செய்தால் அந்தப் பெண்ணுக்கு நெஞ்சு படபடக்கும். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்வாள், அடுத்த நாள் அவளைத் தனியாக அனுப்ப மாட்டார்கள். தம்பி, தனியாக இருக்கும் பெண்ணை உன் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளாதே. உன் மனசு சுத்தமாகவே இருக்கட்டும், அவளுக்கு அது எப்படித் தெரியும்?

அதேபோல் இதைப் படிக்கிற தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. சந்தைக்குப் போ, டீக்கடையில் நில் என்பதெல்லாம் ஆண்களுக்குச் சொல்லும் வழி. எனக்கு வழி காட்டியது டவுன் பஸ். 2021இல் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்த பிறகு, காலை பஸ்ஸில் எத்தனை விதமான பெண்கள் ஏறுகிறார்கள் என்று பாருங்கள். பூக்கூடை, மோர்ப்பானை, பேரப்பிள்ளைக்கு ஊசி போடப் போகிற ஆயா, பாலிடெக்னிக் பிள்ளைகள். மடியில் கூடையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "குடுங்கக்கா, நான் வச்சுக்கறேன்" என்று சொன்னால் போதும். அந்தக் கூடையில் இருப்பது முல்லையா சன்னமல்லியா, எந்தத் தோட்டம், இன்றைக்கு என்ன விலை என்று அவங்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். நர்ஸிங் முதல் வருஷம் நோயாளி பக்கத்தில் போகவே நடுங்கினவள் நான். இப்போது ஊசி போடுவதற்கு முன்னால் "எந்த ஊரு ஆயா?" என்று ஆரம்பிக்காமல் எனக்குக் கை வராது.

இன்னொன்று. பேச நினைத்தாலே மூச்சு முட்டுவது, பல நாள் தூக்கம் போவது, வெளியே போவதையே நிறுத்திவிடுவது, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம், இவை இருந்தால் சந்தையும் பஸ்ஸும் போதாது. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், காசு இல்லை, தமிழில் பேசலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டுப் போகலாம். அங்கே வருகிறவர்கள் உங்களைப் போன்றவர்கள்தான்.

கிருஷ்ணகிரி உளவியல் மாணவி:

அக்கா, நீங்கள் சொல்வதை முழுசாக ஏற்கிறேன். அந்தக் கதையை எங்களுக்கு வகுப்பில் சொன்னபோது யாரும் அந்தப் பெஞ்சில் இருந்தவர்கள் பக்கம் நின்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இனிமேல் அதைச் சொன்னால் நீங்கள் கேட்ட கேள்வியோடு சேர்த்துத்தான் சொல்வேன்.

தளி ரோடு:

நான் தேன்கனிக்கோட்டைக்காரன். எங்கள் பக்கம் ஒரே தெருவில் மூன்று பாஷை ஓடும். பால் ஊற்றுகிறவர் தெலுங்கு, மளிகைக் கடை கன்னடம், நாங்கள் தமிழ். சிப்காட் வந்த பிறகு இந்தியும் சேர்ந்தது. சின்ன வயசிலிருந்து தப்புத் தப்பாகப் பேசியே வளர்ந்தவர்கள் நாங்கள். எனக்கு ஒன்று தோன்றுகிறது தம்பி, உன் கஷ்டம் தாய்மொழியில் பேசுவதால்கூட இருக்கலாம். தமிழில் பேசும்போது சரியாகப் பேசணும், நன்றாகப் பேசணும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. ஓசூர் பக்கம் வந்தால் ஒரு பூக்காரம்மாவிடம் "எஷ்டு" (எவ்வளவு) என்று கன்னடத்தில் கேட்டுப் பார். நீ தப்பாகத்தான் சொல்வாய். அந்தம்மா திருத்துவார். திருத்தும்போது முகத்தில் ஒரு சந்தோஷம் வரும் பார், அதைப் பார்த்தால் அடுத்த வார்த்தையும் கேட்பாய். தப்பு செய்ய அனுமதி இருக்கிற இடத்தில் ஆரம்பிக்கணும்.

திக்கிப் பேசுகிறவன்:

முதல் முறையாக எழுதுகிறேன். ஊத்தங்கரை. எனக்குச் சிறு வயசிலிருந்து திக்குவாய். பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு இருக்கிறது என்கிறார்கள், ஆனால் எங்கள் ஊரில் இன்னொருவரை நான் பார்த்ததில்லை. மறைத்துக்கொள்வார்கள், நானும் மறைத்தேன். "க" வரும் வார்த்தை எனக்கு வராது. கிருஷ்ணகிரிக்கு டிக்கெட் எடுக்கும்போது "டேம்" என்று சொல்லி அணைக்கட்டில் இறங்குவேன், அங்கிருந்து வேறு பஸ். பாலக்கோட்டுத் தம்பி அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடக்கிறேன் என்று எழுதினதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு உதவியது ஒரே ஒரு மாற்றம். பேச ஆரம்பிக்கும்போதே "எனக்குத் திக்கும், கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிடுவேன். முதல் தடவை சொன்னது ஒரு கண்டக்டரிடம். அவர் டிக்கெட் மிஷினைக் கீழே இறக்கிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சொல்லுங்க தம்பி, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். பஸ்ஸில் கூட்டம். பின்னால் யாரோ விசில் அடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவர் திரும்பவே இல்லை. நான் கி... கி... என்று எத்தனை தடவை சொன்னேனோ, முழுசாக "கிருஷ்ணகிரி" என்று சொல்லி முடித்தேன். 19 வருஷத்தில் முதல் தடவை அந்த ஊர்ப் பெயரை வெளியாளிடம் சொன்னேன்.

திக்கு போகவில்லை. மறைக்கிற வேலை போய்விட்டது, பாதி பாரம் அதுதான். தம்பி, நீயும் முதல் வரியிலேயே சொல்லிப் பார். "எனக்குக் கொஞ்சம் கூச்சம்ங்க" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பென்னாகரம் வாத்தியார்:

ஊத்தங்கரைத் தம்பிக்கு, உங்கள் பதிவை நாளை என் வகுப்பில் பெயர் சொல்லாமல் படித்துக்காட்ட அனுமதி வேண்டும்.

திக்கிப் பேசுகிறவன்:

படியுங்கள் ஐயா. திக்கும் பிள்ளை இருந்தால், அவன் முடிப்பதற்குள் நீங்கள் வார்த்தையை எடுத்துக்கொடுக்காமல் இருங்கள்.

பாலக்கோட்டுப் பையன்:

இரண்டு ஞாயிறு கழித்து எழுதுகிறேன். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

முதல் ஞாயிறு போச்சம்பள்ளி போனேன், ஒன்றும் நடக்கவில்லை. இருட்டோடு போய்ச் சேர்ந்தேன். வேனிலிருந்து ஆடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். புழுக்கை வாசமும் வேப்பந்தழை வாசமும் ஒன்றாக அடித்தது. "என்ன பல்லுங்கய்யா" என்பதை மனசுக்குள் நூறு தடவை சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொருவர் பக்கத்திலும் போவேன், யாராவது வியாபாரி வந்துவிடுவார், நகர்ந்துவிடுவேன். ஒன்பது மணிக்குக் கூட்டம் கலைந்தது. வடைகூட வாங்காமல் பஸ் ஏறினேன். அண்ணன் அங்கேதான் எங்கேயோ இருந்திருப்பார், அவரைத் தேடவும் தைரியம் இல்லை. அந்த வாரம் இந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

நடுவில் வியாழக்கிழமை அப்பாவோடு தர்மபுரிப் பட்டுக்கூடு அங்காடிக்குப் போனேன். எங்களுக்குக் கொஞ்சம் மல்பெரி உண்டு. வழக்கமாக நான் மூட்டையைத் தூக்கிவைத்துவிட்டு வெளியே நிற்பேன். அன்றைக்கு உள்ளே நின்றேன். எங்கள் குவியலுக்கு அடுத்த குவியலில் ஒரு பெரியவர் ஒரு கூட்டை எடுத்துக் காதுப் பக்கத்தில் வைத்து ஆட்டினார். அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எங்கள் அப்பாவும் செய்வார். ஏன் என்று கேட்டதே இல்லை. ஒத்திகை எதுவும் பார்க்கவில்லை. "எதுக்குங்கய்யா ஆட்டிப் பாக்கறீங்க?" என்று வந்துவிட்டது.

அவர் அந்தக் கூட்டை என் கையில் கொடுத்தார். ஆட்டச் சொன்னார். உள்ளே லேசாக ஒரு தட்டல். "உள்ள புழு கூட்டுப்புழுவா மாறி காஞ்சிருந்தாத்தான் அந்தச் சத்தம் வரும். ஈரமா இருந்தா ஒட்டிக்கிட்டிருக்கும், சத்தம் வராது. அப்ப அவசரப்பட்டு அறுத்துட்டான்னு அர்த்தம்" என்றார். அப்புறம் எங்கள் குவியலிலிருந்து ஒன்று எடுத்து ஆட்டிவிட்டு, "நல்லா இருக்கு, யாரு வளத்தது?" என்றார். நான் வளர்த்தேன் என்றேன். தழை வெட்டுவது, சுண்ணாம்பு தூவுவது, கடைசிப் பருவத்தில் ராத்திரி எழுந்து தீனி போடுவது, எல்லாம் பேசினேன். ஏலம் எங்கள் பக்கம் வரும் வரைக்கும் பேசினேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அப்பா தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வரும் வழியில் ஒன்றும் சொல்லவில்லை, காரிமங்கலத்தில் வண்டியை நிறுத்தி எனக்கு மட்டும் ஒரு டீ வாங்கிக்கொடுத்தார், அவர் டீ குடிப்பதில்லை.

இரண்டாவது ஞாயிறு திரும்பப் போச்சம்பள்ளி. ஊத்தங்கரை அண்ணன் சொன்னபடி, சேலம் கறுப்பு ஆடு ஒன்றைப் பிடித்திருந்த ஒரு அம்மாவிடம், "எனக்குப் புது ஆளுங்ககிட்டப் பேசக் கொஞ்சம் கூச்சம்ங்கம்மா, ஆட்டுக்கு என்ன பல்லு?" என்று கேட்டேன். அந்தம்மா, "கூச்சமா? ஆட்டைக் கேக்கறதுக்கா?" என்று சொல்லி உதட்டை விலக்கிக் காட்டினார்கள். நாலு பல். அப்புறம் ஒரு பெரியவர், அப்புறம் கயிறு விற்கிறவர். ஒருவர் மட்டும் "வேற வேலை இல்லையா" என்று விரட்டினார். முகம் சூடாகிவிட்டது, காது அடைத்தது. கொஞ்ச நேரம் புளியமரத்தடியில் நின்றேன். அவர் அன்றைக்கு ஆடு விற்காமல் திரும்பப் போகிறார் என்பது, அவர் கயிற்றைச் சுருட்டியதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

ஆட்டுச்சந்தை அண்ணன்:

தம்பி, அந்தச் சேலம் கறுப்பு ஆட்டுக்கார அம்மா எனக்குத் தெரிந்தவங்கதான். "ஒரு பையன் வந்து பல்லு கேட்டான், கூச்சமாம்" என்று என்னிடமும் சொன்னாங்க. அது நீதான் என்று இப்போதுதான் தெரிகிறது. உன்னை விரட்டின ஆள் மேல் வருத்தம் வைக்காதே. விலை அமையாத நாளில் நானும் அப்படித்தான் எரிந்து விழுவேன்.

பென்னாகரம் வாத்தியார்:

தம்பி, மகிழ்ச்சி. நான் முன்பு சொன்னதில் ஒரு பாதியை மாற்றிக்கொள்கிறேன். தேவை இருந்தால் பேச்சு தானாக வரும் என்றேன். உங்களுக்குத் தேவையால் வரவில்லை, தெரிந்துகொள்ளும் ஆவலால் வந்திருக்கிறது. மற்றொரு பாதியை மாற்றிக்கொள்ள மாட்டேன். பஸ்ஸில் கண் மூடி இருப்பவரை எழுப்பக் கூடாது.

கிருஷ்ணகிரி உளவியல் மாணவி:

ஐயாவின் அந்தப் பாதி எனக்கும் சம்மதம்.

தம்பி, முதல் ஞாயிற்றைத் தோல்விக் கணக்கில் எழுதாதே. ஜில்லியன் சாண்ட்ஸ்ட்ரோம் என்பவரும் கூட்டாளிகளும் 2022இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு வாரம் தினமும் புது ஆட்களைத் தேடிப் போய்ப் பேசுவதை ஒரு விளையாட்டு மாதிரி வைத்தார்கள். இன்னொரு குழு புது ஆட்களைத் தேடிக் கவனித்ததோடு சரி, பேசவில்லை. பேசியவர்களுக்கு, ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயம் நாளுக்கு நாள் குறைந்தது, தன்னால் பேச முடியும் என்ற நம்பிக்கை கூடியது. அது முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்டபோதும் அப்படியே இருந்தது. ஒரு தடவை பேசிப் பார்த்தால் "இன்றைக்கு நல்ல ஆளாகக் கிடைத்துவிட்டார்" என்று மனசு தள்ளிவிடும். திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அப்படித் தள்ள முடியாமல் போகிறது. உன்னை விரட்டியவரும் அந்தக் கணக்கில் ஒருவர். அவரும் வேண்டும். விரட்டினால் என்ன ஆகும் என்று இத்தனை நாள் கற்பனை செய்துகொண்டிருந்தாய், இப்போது தெரியும்: கொஞ்ச நேரம் புளியமரத்தடியில் நிற்பாய்.

இடைவெளி விடாதே. வாரம் ஒரு நாள் சந்தை போதாது. தினமும் ஒருவர், ஒரு கேள்வி.

பாலக்கோட்டுப் பையன்:

தினமும் எழுதி வைக்கிறேன். தக்காளி மண்டியில் பெட்டி அடுக்குகிறவரிடம், பழுத்ததை மேலே வைக்காமல் ஏன் செங்காயை வைக்கிறீர்கள் என்று கேட்டேன் (லாரி தூரமாகப் போகிறதாம், போய்ச் சேரும்போது செங்காய்தான் பழமாக இருக்குமாம்). தபால்காரர். சைக்கிள் பஞ்சர் ஒட்டுகிறவர். நேற்று யாரிடமும் பேசவில்லை, மழை.

இன்று காலை கடையில் நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்துவிட்டு ஐந்நூறு நீட்டினேன். 350 கொடுத்தார். படி இறங்கிவிட்டேன். திரும்ப ஏறி, "அண்ணா, அம்பது குறையுது" என்றேன். "அட ஆமா தம்பி" என்று எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். அந்த ஐம்பது ரூபாயை இன்னும் செலவு செய்யவில்லை, சட்டைப் பையில் இருக்கிறது.

அடுத்த மாதம் ஓசூரில் இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது.

மாரண்டஅள்ளி புதுசு:

அண்ணா, நான் இந்த இழைக்காகத்தான் கணக்கு ஆரம்பித்தேன். பன்னிரண்டாவது முடித்திருக்கிறேன். எனக்கும் இதே பிரச்சினை. ஊர்கூட உங்கள் பக்கத்து ஊர்தான். இந்த ஞாயிறு போச்சம்பள்ளி போவீர்களா? நானும் வரலாமா? உங்களிடம் எப்படிக் கேட்பது என்று மூன்று நாளாக யோசித்து எழுதுகிறேன்.

பாலக்கோட்டுப் பையன்:

வா தம்பி. எனக்கும் கூச்சம்தான், அதனால் முதலில் இரண்டு பேரும் பேசாமல் இருந்தாலும் ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸுக்கு நிற்பேன், தோளில் பச்சைத் துண்டு இருக்கும். காலையில் பனி அடிக்கும், ஒரு போர்வை எடுத்துக்கொள். பக்கத்தில் வந்து, "என்ன பல்லுங்கண்ணா?" என்று கேள், நான் கண்டுபிடித்துவிடுவேன்.